பம்பருக்கு எந்தக் குழாய்?

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் துறையருகே அமைந்த பழையசீவரத்துக்கு, மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பாரிவேட்டைக்கு எழுந்தருளும் வைபவத்தை அறிந்தவர்கள் அநேகர். ஏனைய நாட்களில் அவ்வூர் வழியே செல்லும் செங்கற்பட்டுச் சாலையில் ஓடும் டிராக்டர்களிலும் பழைய ஜீப்புகளிலும் சில, கம்பெனி கொடுத்த முகத்தின் மேல் இரும்புக் குழாயாலான இன்னொரு முகத்தையும் தரித்துக்கொண்டு வருவதைக் கவனித்தவர்கள் சிலரே. சாலையோரத்து வெல்டிங் பட்டறைகளில் பிறக்கும் அந்தக் குழாய்ப் பம்பர்களைப் பற்றி விசாரித்தால், "கனமாப் போட்டாத்தாங்க தாங்கும்" என்ற ஒரே சித்தாந்தம்தான் பதிலாக வருகிறது. அது பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் விஷயம் இருக்கிறது.

குழாயின் பலம் அதன் கனத்தைக் காட்டிலும் குறுக்களவையே பெரிதும் பொறுத்தது. வெளிவிட்டம் 48.3 மில்லிமீட்டரும் சுவர் 4 மில்லிமீட்டரும் உள்ள குழாய் ஒன்றையும், விட்டம் 60.3, சுவர் 3.2 உள்ள மற்றொன்றையும் தராசில் வைத்தால், மீட்டருக்கு முறையே சுமார் 4.4 கிலோவும் 4.5 கிலோவுமாக இரண்டும் ஏறக்குறைய ஒரே எடைதான்; ஆனால் வளைவை எதிர்க்கும் விறைப்பில் பின்னது முன்னதைப்போல் 1.7 மடங்கு. இரும்பைச் சுவரில் சேர்ப்பதைவிட மையத்தைவிட்டு விலக்கி நிறுத்துவதே லாபம் என்பதை மூங்கில் நமக்கு வெகுகாலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆயினும் இந்த நியாயத்தை எல்லை கடந்து இழுத்தால், சுவர் காகிதமாய் மெலிந்து, வளைக்கும் இடத்தில் மடிந்துபோகும். கல்லொன்று பட்டாலும் குழிவிழும்.

அடுத்தது ஜாதி. பட்டறைக்காரர் கைக்கு முதலில் அகப்படுவது தண்ணீர்க் குழாய். ஐ.எஸ். 1239 என்ற தரத்தின்படி மஞ்சள், நீலம், சிவப்புப் பட்டைகளால் மெல்லியது, நடுத்தரம், கனத்தது என்று அடையாளம் இடப்படும் இக்குழாயின் உத்தியோகம் நீரைக் கசியாமல் கொண்டுசெல்வது. உள்துளையைக் கொண்டே பெயர் பெறுவதால், ஒன்றரை அங்குலக் குழாய் என்று வாங்கியதன் வெளிவிட்டம் 48.3 மில்லிமீட்டராக இருப்பதைக் கண்டு திகைப்பவரும் உண்டு. பாரம் தாங்குவதற்கென்றே உள்ள தரம் ஐ.எஸ். 1161. அதில் 210, 240, 310 என்று வரும் எண்கள், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் விசை வரையில் அந்த எஃகு நிரந்தரமாக உருக்குலையாமல் நிற்கும் என்பதைக் குறிப்பவை. இதற்கும் மேலே, பற்றவைத்த குழாயைக் குளிர்ந்த நிலையில் அச்சின் வழியே இழுத்து அளவைச் செம்மைப்படுத்தும் வகையும் உண்டு. 1955-ல் ஆவடியில் தொடங்கிய டியூப் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா இத்தொழிலில் பெயர்பெற்றது. இத்தனை அருகில் நல்ல சரக்கு இருக்க, பிளம்பிங் கடையிலிருந்து பம்பர் செய்வானேன்?

நாகம் பூசிய ஜி.ஐ. குழாயைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். அதை அப்படியே வெல்டிங் செய்தால் எழும் வெண்புகையைச் சுவாசித்தவருக்கு, அன்று மாலையே குளிரும் காய்ச்சலும் காணும். பூச்சு இடையில் நிற்பதால் பற்றும் சுத்தமாக அமையாது. துருவுக்குப் பயந்தே அதை வாங்குகிறார்கள் என்றாலும், கறுப்புக் குழாயை வாங்கி வேலை முடிந்தபின் வர்ணம் பூசுவதே உத்தமம். வளைக்கும்போது குழாயின் நெடுந்தையல் வளைவின் வெளிப்புறத்திலோ உட்புறத்திலோ வராமல் பக்கவாட்டில் இருக்கும்படி பிடிக்க வேண்டும். இழுபடுவதும் நசுங்குவதும் அங்கேதான் மிகக் குறைவு.

இவ்வளவும் சொன்ன பிறகு, கசப்பான பகுதிக்கு வருகிறேன். இன்றைய கார்களின் முன்பக்கம் மோதலில் நசுங்குவதற்கென்றே அமைக்கப்பட்டது. நசுங்கும் அந்தக் கணப்பொழுதில்தான் மோதலின் உக்கிரம் தணிகிறது. சேஸிஸோடு இறுகப் பூட்டிய குழாய் அந்தத் தணிவைக் கெடுத்து, அதிர்ச்சியை உள்ளே இருப்பவர்மேல் தள்ளுவதோடு, ஏர்பேக் விரியும் சமயத்தையும் குலைக்கலாம். குறுக்கே வந்துவிட்ட பாதசாரிக்கோ அது உலக்கையடி. இதனாலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைச் சுட்டி, இத்தகைய கவசங்கள்மீது நடவடிக்கை எடுக்குமாறு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. 2019-ல் திருத்திய சட்டத்தின்படி, அனுமதியின்றி வண்டியை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

ஆகவே, சொந்தத் தோப்பைவிட்டு வெளியே வராத பழைய ஜீப்புக்கு என்றால், 60.3 மில்லிமீட்டர் விட்டமும் 3.2 மில்லிமீட்டர் சுவரும் உள்ள 1161 தரக் கறுப்புக் குழாயை வாங்குங்கள் என்பேன். பதிவெண் தாங்கிச் சாலையில் ஓடும் வண்டிக்கு நான் சிபாரிசு செய்யும் குழாய் எதுவும் இல்லை.