மீட்டருக்குத் தெரியாத உப்பு

கயத்தாற்றைச் சுற்றி நிற்கும் காற்றாலைகளுக்கு நடுவே, ஒரு வீட்டு அறையில் ஊதா வெளிச்சம் போட்டு பாக் சோய் என்ற சீனக்கீரை வளர்ப்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தொட்டியிலும் குழாயிலும் ஓடும் உரத்தண்ணீரில் வேர் நிற்கும்; மண் வேண்டாம், களை பறிக்க ஆள் வேண்டாம். விதைத்த 35, 40 நாளில் பாக் சோய் சட்டிக்கு வந்துவிடும். மண்ணில் பாய்ச்சுவதில் பத்தில் ஒரு பங்குத் தண்ணீரே போதும் என்கிறார்கள். குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வரும் தண்ணீர் வீணாவதில்லை என்பதால், அதுவும் பெரும்பாலும் சரிதான். அந்தப் பத்தில் ஒரு பங்கு எந்தத் தண்ணீர் என்பதில்தான் சிக்கல்.

இந்த விவசாயம் நிஜமாகவே தேவைப்பட்ட ஊர் சிங்கப்பூர். அங்கே சாப்பாட்டில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி; விவசாயத்துக்கு மிச்சமிருக்கும் நிலம் ஒரு சதவீதம் அளவுக்குத்தான். அங்குள்ள தேக்கா சந்தைக்குப் போகிற நம் ஆட்களுக்கு சாய் சிம், காய் லான், கங்கோங் கீரையெல்லாம் தண்டுக்கீரை மாதிரி பழகிப்போன சரக்கு. 2030-க்குள் ஊட்டச்சத்துத் தேவையில் 30 சதவீதத்தை உள்ளூரிலேயே விளைவிப்போம் என்று 2019-இல் அறிவித்தார்கள். அடுக்கடுக்காகப் பண்ணைகள் எழும்பின. மின்கட்டணம் கடித்தது, சில பண்ணைகள் மூடின. 2025-இல் அந்த இலக்கை விட்டுவிட்டு, 2035-க்கு வேறு கணக்குப் போட்டுக்கொண்டார்கள்.

நமக்கு மின்சாரம் அவ்வளவு பெரிய தலைவலி இல்லை. 40 வாட் எல்இடி விளக்கு தினம் 14 மணி நேரம் எரிந்தால், இரண்டு மாதத்துக்குச் சுமார் 34 யூனிட். இலவசமாக வரும் 100 யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கை பாக் சோய் தின்னும், அவ்வளவுதான். (கரிசல் வெயிலை வெளியே காயவிட்டு, உள்ளே விளக்குப் போடுவது ஏன் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. மாடியில் ஒரு பச்சை வலை கட்டினால் போதுமே!) சூடு கொஞ்சம் படுத்தும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் 9 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். சித்திரையில் காங்கிரீட் அறைக்குள் வேர் மூச்சுத்திணறி, பழுப்பேறி, அழுகல் வாடை அடிக்கும். பாக் சோய் இலை விடுவதை மறந்து பூத்தண்டு நீட்டிவிடும். வெக்கை தாங்கும் வள்ளைக்கீரையை, அதாவது இலங்கைத் தமிழர் வறுத்துண்ணும் கங்குனை, வைத்தால் பிழைக்கலாம். கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும்.

தண்ணீருக்கு வருவோம். இந்தத் தொட்டிக்கு உரம் ஏ, பி என்று இரண்டு பாட்டிலில் வரும். ஒன்றில் கால்சியம் நைட்ரேட், மற்றதில் சல்பேட்டும் பாஸ்பேட்டும். அவசரப்பட்டு இரண்டையும் நேரடியாகக் கலந்தால், திரிந்த பால்போல வெள்ளை வெள்ளையாக அடியில் தங்கிவிடும். செடிக்கு ஒன்றும் போய்ச் சேராது. தனித்தனியாகத் தொட்டித் தண்ணீரில் ஊற்றி, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை மின்கடத்துதிறனாக (இ.சி.) அளக்கும் பேனா அளவு மீட்டரை முக்கிப் பார்க்க வேண்டும். பாக் சோய்க்கு 1.5 முதல் 2 வரை காட்டினால் சரி.

நம் பக்கத்தில் பல போர்வெல்களில் வருவது உப்புத் தண்ணீர். வாளியில் வெள்ளை படியும், பருப்பு வேகாது. உரம் ஊற்றுவதற்கு முன்பே மீட்டர் 1.5 காட்டினால், உரத்துக்கு இடம் எங்கே? சோறு எது, உப்பு எது என்று அந்த மீட்டருக்குத் தெரியாது. செடி தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பைத் தொட்டியிலேயே விட்டுவிடும். வாரம் போகப்போகக் கரிப்பு ஏறும். இலை ஓரம் கருகும். கடைசியில் தொட்டியோடு கொட்ட வேண்டியதுதான்.

உடனே ஆர்.ஓ. மெஷினைக் காட்டுவார்கள். வீட்டு மெஷின் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தருவதற்கு மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளும். 40 லிட்டர் தொட்டியை ஒருமுறை நிரப்ப 120 லிட்டர் வெளியே போகிறது. அது போரில் வந்ததைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் உப்போடு, கொல்லைக்குழியில் இறங்கி, அதே போருக்குப் போகிறது. பழைய உரத்தண்ணீரும் அங்கேதான். பத்தில் ஒரு பங்கு போதும் என்ற பேச்சில் இந்த 120 லிட்டர் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. ஒரு வீட்டில் இது சின்ன விஷயம். தெருவுக்குப் பத்து வீட்டில் தொட்டி வைத்தால்? எனக்குக் கீரையைவிட இந்தக் குழிதான் கவலை.

கழிவை வேப்பமரத்துக்கு விடலாம், பாத்திரம் கழுவலாம் என்று வாதிடுவோரும் உண்டு. சரி, விடட்டும்.

ஆனால் உப்பில்லாத தண்ணீர் வருஷத்துக்கு ஒரு பருவம் மழையாக மாடியிலேயே வந்து விழுகிறதே. 500 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 460 லிட்டர். அந்த 40 லிட்டர் தொட்டியைப் பதினோரு முறை நிரப்பலாம். மீட்டரை முக்கினால் ஏறக்குறைய பூஜ்யம். மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமான காலத்தில் இறக்கிய பிளாஸ்டிக் குழாய் பல வீடுகளில் இன்னும் சுவரோடு நிற்கிறது. அதன் வாயை ஒரு டேங்க்குக்குத் திருப்பி, துணிச் சல்லடை கட்டி, வெயில் படாமல் மூடினால் போதும். முதல் மழை பறவை எச்சத்தையும் தூசியையும் கழுவிக்கொண்டு வரும். அதைப் பிடிக்கக் கூடாது. கார்த்திகை, மார்கழியில் அறைச் சூடும் குறைந்திருக்கும், பாக் சோயும் பூக்காது. ஆகவே இந்தக் கீரைக்கு இங்கே ஐப்பசி முதல் தை வரைதான் பருவம். மற்ற மாதங்களில் வள்ளைக்கீரை வையுங்கள், இல்லை சந்தையில் ஒரு கட்டுத் தண்டுக்கீரை வாங்கிக்கொள்ளுங்கள்.