பண்டிகைக் காலத்தில் கால்நடைப் பாதுகாப்பு

புரட்டாசியில் நவராத்திரி தொடங்கிவிட்டால் ஆயுத பூசை, தீபாவளி, கார்த்திகைத் தீபம் என்று விழாக்கள் அடுத்தடுத்து வருகின்றன. வடகிழக்குப் பருவமழையும் அப்போதே தொடங்குவதால், ஆடுமாடுகள் மேய்ச்சலுக்குச் செல்லாமல் வீட்டையொட்டியே கட்டிக் கிடக்கின்றன. ஆகவே, விழாவின் மிச்சங்கள் அனைத்தும் அவற்றின் வாய்க்கு எட்டும் தூரத்திலேயே விழுகின்றன. ஒரே கறவைப் பசுவை நம்பி வாழும் குடும்பத்துக்கு அதன் இழப்பு அன்றாட வரவின் இழப்பாகும். இதனைத் தவிர்க்கும் வழிகளை ஈண்டு ஆராய்வோம்.

மீந்த சோறு

பந்தியில் மீந்த சோற்றையும் பாயசத்தையும் மாட்டுக்குக் கொட்டுவது புண்ணியம் என்று பலர் கருதுகின்றனர். மாட்டின் முதல் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவையே வைக்கோலையும் புல்லையும் மெல்ல மெல்லச் செரிக்கச் செய்கின்றன. வேகவைத்த அரிசியோ மிக விரைவில் புளித்து அமிலமாக மாறிவிடுகிறது. அமிலம் மிகுந்ததும் நல்ல நுண்ணுயிர்கள் மடிகின்றன. உடலின் நீர் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. மாடு அசைபோடுவதை நிறுத்தும், பல்லை நறநறவென்று கடிக்கும், கழிச்சல் காணும், பின்னர் எழ முடியாமல் படுத்துவிடும். சிகிச்சை தாமதித்தால் ஓரிரு நாட்களில் உயிரும் போகலாம்.

பூசையில் படைத்த பொங்கலில் ஒரு கைப்பிடி தருவதால் கேடில்லை. குண்டான் நிறையத் தருவதே கேடு. மாடு மிகுதியாகத் தின்றுவிட்டது என்று தெரிந்தால், அறிகுறி தோன்றும்வரை காத்திராமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்புக. சமையல் சோடாக் கரைசலை அவர் கூறும் அளவிலேயே கொடுத்தல் வேண்டும். தலையைத் தூக்கிப் பிடித்து அவசரமாக ஊற்றினால் மருந்து நுரையீரலுக்குள் சென்றுவிடும். மீந்த சோறு சேரவேண்டிய இடம் எருக்குழியே.

கம்பியும் பையும்

எரிந்து முடிந்த கம்பி மத்தாப்பின் கம்பியை முற்றத்தில் எறிந்துவிடுகிறோம். அது வைக்கோலோடு கலக்கிறது. மாடு தீவனத்தை நன்கு மெல்லாமலே விழுங்கி, பின்னரே அசைபோடும் இயல்புடையது; ஆதலால் கம்பியும் உள்ளே போய்விடுகிறது. தேன்கூடு போன்ற அறைகளையுடைய இரண்டாம் வயிற்றில் அது தங்குகிறது. அவ்வயிற்றுக்கும் இதயத்துக்கும் இடையே உதரவிதானம் என்னும் மெல்லிய தசைச்சுவர் மட்டுமே உண்டு. கம்பி அதனைத் துளைத்து இதய உறையைக் குத்துமாயின் மாடு பிழைப்பது அரிது. பள்ளத்தில் இறங்கத் தயங்குதல், முழங்கையை அகற்றி நிற்றல், மார்பின் கீழே வீக்கம் ஆகியன இதன் அறிகுறிகள்.

எரிந்த கம்பிகளை நீர் நிறைந்த வாளியில் போட்டு, மறுநாள் எண்ணி அப்புறப்படுத்தல் நலம். கயிற்றில் கட்டிய காந்தம் ஒன்றை முற்றத்தில் இழுத்தால் சிதறிய இரும்புக் கம்பிகள் ஒட்டிக்கொள்ளும். எச்சில் இலையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எறிதல் கூடாது. உணவின் வாசனைக்காகப் பையையும் சேர்த்து விழுங்கும் மாட்டின் வயிறு நாளடைவில் அடைபட்டுவிடும். தமிழகத்தில் இத்தகைய பைகள் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளன.

வெடியும் நெருப்பும்

நாயின் செவி நம் செவியினும் கூர்மையானது. நாம் கேட்கவியலாத உயர்ந்த ஒலிகளையும் அது கேட்கும். வெடிச் சத்தத்தில் மிரண்ட நாய் சங்கிலியோடு போராடிக் கழுத்தை நெரித்துக்கொள்ளலாம். அறுத்துக்கொண்டு ஓடித் தொலையலாம். அன்று அதனை வீட்டின் உள்ளறையில், கதவடைத்து, தண்ணீர் வைத்து விடுதல் நன்று. பாயசத்து உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் அதற்கு நஞ்சாகும்.

கூரைக் கொட்டகையின் அருகே வாணம் விடுதல் ஆகாது. கட்டிய மாட்டுக்குத் தீயிலிருந்து ஓடும் வழியில்லை. ஆகவே, அன்றிரவு மாடுகளை ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சிட்டுக் கட்டுக. தண்ணீரும் மணலும் அருகிலிருக்கட்டும். வெடிமருந்துத் தூள் விழுந்த தொட்டி நீரைக் கொட்டிவிட்டுப் புது நீர் நிரப்புக.

பஞ்சாயத்தின் பங்கு

தீபாவளியன்று வெடிக்கும் நேரம் இரண்டு மணிக்கு மிகலாகாது என்று 2018ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. தமிழக அரசு அதனைக் காலை 6 முதல் 7 மணி, இரவு 7 முதல் 8 மணி என வகுத்தது. நேரம் முன்கூட்டியே தெரிந்தால், அதற்குள் கால்நடைகளை அடைத்துவிடலாம். ஆகவே, ஆண்டுதோறும் அரசு அறிவிக்கும் நேரத்தைத் தண்டோரா மூலம் ஊரறியச் செய்தலும், வெடிப்பதற்கெனத் தொழுவங்களுக்கு அப்பால் ஒரு திடலை ஒதுக்குதலும், மறுநாள் காலை தெருக்களைக் கூட்டுவித்தலும் பஞ்சாயத்து உறுப்பினர்கள் எளிதில் செய்யக்கூடியவை. கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கும் 1962 என்னும் எண்ணைப் பால் சங்கச் சுவரில் எழுதி வைக்கலாம்.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், வந்து தங்கும் பறவைகள் அஞ்சி அகலாதிருக்கும் பொருட்டுப் பல ஆண்டுகளாக வெடி வெடிப்பதையே விட்டிருக்கின்றனர். எங்கிருந்தோ வரும் பறவைக்கு ஓர் ஊர் இவ்வளவு செய்யுமாயின், நம் தொழுவத்தில் நின்று நமக்குப் பால் தரும் பசுவுக்கு நாம் ஒரு வாளி நீரும் ஒரு நாள் விழிப்பும் அளிப்பது பெரிதன்று. வரும் தீபாவளிக்கு முன் கூடும் பஞ்சாயத்துக் கூட்டத்திலேயே இதனை முடிவு செய்வோமாக.