சித்திரச் சந்தை

சித்திரச் சந்தை (கன்னடத்தில் சித்ர சந்தே) என்பது கர்நாடக சித்ரகலா பரிஷத் ஆண்டுதோறும் பெங்களூரு குமார கிருபா சாலையில் நடத்தும் ஒருநாள் ஓவிய விற்பனை ஆகும். பெரும்பாலும் சனவரி மாத ஞாயிறு ஒன்றில் நடைபெறும். அன்று போக்குவரத்தை நிறுத்திவிட்டு, சாலை முழுவதையும் ஓவியர்களுக்கு விடுகின்றனர். பிற மாநிலத்தாரும் வருகின்றனர். விலை சில நூறு ரூபாயில் தொடங்கி இலட்சங்கள் வரை செல்லும்.

கலைக்கூடங்களில் விலையில் பாதிவரைகூட கமிஷனாகப் போவதுண்டு. இங்கே வாங்குபவர் ஓவியரிடமே பணம் தருகிறார். ஆனால் பயணம், படச்சட்டம் எல்லாம் ஓவியர் செலவு (பேரம் பேசுவோர் இதைக் கணக்கிடுவதில்லை). மாலைக்குள் விற்காதவற்றை அவரே சுமந்து திரும்ப வேண்டும். பெரிய ஓவியம் கூட்டத்தை நிறுத்தும். பலருக்கும் செலவை ஈடுகட்டுவது அஞ்சலட்டை அளவுப் படங்களும், எதிரே உட்காரவைத்து வரைந்து தரும் முகச் சித்திரங்களுமே.

கொரோனாவால் 2021இல் சந்தை இணையவழியில் நடைபெற்றது.