உங்களுக்குத் தெரியுமா?

100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்லூரியில் தகுதிபெற்ற மனநல ஆலோசகர், உளவியலாளர், சமூகப் பணியாளர் இவர்களில் ஒருவராவது இருந்தே ஆக வேண்டும். 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு இது.

• கேரளத்தின் திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. இசை, நுண்கலைக் கல்லூரிக்கும் இது பொருந்தும். நீட் பயிற்சி மையங்களுக்கும் பொருந்தும்.

• 100 பேருக்குக் குறைவா? வெளியிலுள்ள மனநல நிபுணர்களோடு முறையான ஏற்பாடு வேண்டும்.

• விடுதி, வகுப்பறை, பொது இடங்களில் உதவி எண்கள் பெரிய எழுத்தில் தெரிய வேண்டும்.

• ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு 2 முறையாவது மனநலப் பயிற்சி கட்டாயம்.

• 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசம். தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

மனம் கனக்கிறதா? தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள், இன்றே பேசுங்கள்.