காளானை மறைக்க வேண்டாம்

மழைக்குப் பின் கறையான் புற்றருகே முளைக்கும் புற்றுக்காளானைப் பறித்துச் சமைப்பது நம் பகுதியின் பழைய வழக்கம். இக்கட்டுரை அதைப் பற்றியதன்று. கொடைக்கானலுக்குச் சுற்றுலா செல்லும் இளைஞர் சிலர் தேடி வாங்கும் போதைக்காளானைப் பற்றியது.

சைலோசைபி என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை அவை. தமிழ்நாட்டில் கண்டறியப்பட்ட அரிய இனம் ஒன்றுக்குப் பூஞ்சையியல் அறிஞர் நடராஜனின் பெயரால் சைலோசைபி நடராஜனி என்று பெயர். இவற்றிலுள்ள சைலோசைபினை 1958இல் பிரித்தறிந்தவர் சுவிட்சர்லாந்தின் ஆல்பர்ட் ஹாஃப்மன். அது உடலில் சைலோசினாக மாறி, மூளையின் செரோட்டோனின் ஏற்பிகளைத் தூண்டுகிறது. உண்ட ஒரு மணி நேரத்துக்குள் நிறங்கள் மாறும், காலம் குழம்பும், சிலருக்கு அச்சம் மேலிடும். பெரும்பாலும் ஆறு மணி நேரத்தில் தணியும். மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கும், குடும்பத்தில் அந்நோய் இருப்பவர்களுக்கும் அவ்வாறு எளிதில் தணியாமல் போகலாம். லித்தியம் மாத்திரை உட்கொள்வோருக்கு வலிப்பு வரக்கூடும்.

எங்களை மிகவும் கவலையுறச் செய்வது வேறொன்று. இவற்றைப் போலவே தோன்றும் சிறு பழுப்புக் காளான்கள் சிலவற்றில் அமாடாக்சின் என்னும் நஞ்சு உண்டு. வேகவைத்தாலும், உலர்த்தினாலும் அது அழியாது. உண்டபின் ஆறு மணி நேரம் வரையோ அதற்கு மேலுமோ ஒன்றும் தெரியாது. பிறகு கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். மறுநாள் நோயாளி தேறியவர் போலக் காணப்படுவார், வீட்டாரும் நிம்மதியடைவர். கல்லீரல் செயலிழப்பது அதற்குப் பிறகே. ஆகவே, எப்போது உண்டார், எப்போது வாந்தி தொடங்கியது என்னும் இரு நேரங்களும் எங்களுக்கு எந்தப் பரிசோதனைக்கும் குறையாத முக்கியத்துவம் உடையவை.

ஆனால், "கடைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்றே பலரும் சொல்வர். அச்சம் புரிகிறது: சைலோசைபின் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. நஞ்சுண்ட நேர்வுகளைக் காவல்துறைக்குத் தெரிவிக்கும் நடைமுறையும் உண்டு. அதை நாங்கள் மறைக்கப் போவதில்லை. அதற்காகச் சிகிச்சை ஒரு நிமிடமும் தாமதமாகாது. வழக்கைவிடக் கல்லீரல் பெரிது என்பதே எங்கள் கருத்து.

எஞ்சிய காளான் இருப்பின் காகித உறையில் இட்டுக் கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் பையில் அது விரைவில் அழுகிவிடும். உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். பிதற்றுபவரை அதட்டாமல், தனியே விடாமல், வெளிச்சம் குறைந்த அமைதியான இடத்தில் அமர்த்தி, 108ஐ அழையுங்கள். உடன் உண்டவர்கள் நலமாகத் தோன்றினாலும் அவர்களையும் அழைத்து வாருங்கள்.