ஒட்டும்போது தேயும் படங்கள்

வீட்டுப் பத்திரத்தின் 12 பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்தாயிற்று. வங்கிக்கு ஒரே கோப்பாக அனுப்ப வேண்டும். ஒவ்வொரு படமாக இழுத்து வைத்து ஒட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. இமேஜ்மேஜிக் என்ற இலவசக் கருவி 1990 முதல் இருக்கிறது. டூபாண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் கிறிஸ்டி உருவாக்கியது. டெர்மினலில் மேஜிக் என்று தொடங்கி, படங்களின் பெயர்களையும் அப்பெண்ட் என்ற சொல்லையும் புதுக் கோப்பின் பெயரையும் தட்டினால் போதும். அப்பெண்டுக்கு முன் மைனஸ் குறி இட்டால் படங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படும். பிளஸ் இட்டால் பக்கவாட்டில் சேரும்.

பெயர்களைத் தனித்தனியே தராமல் நட்சத்திரக் குறி போட்டு மொத்தமாகக் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லினக்ஸில் கோப்புகள் அகரவரிசையில்தான் வரும். 1-க்கு அடுத்து 10, 11, 12 வந்து, அதன் பிறகே 2 வரும். 01, 02 என்று பெயரிட்டால் பக்கம் மாறாது.

கட்டளை இவ்வளவு எளிது. உள்ளே நடப்பதுதான் பெரிய விஷயம்.

கைபேசிப் படங்கள் பெரும்பாலும் ஜேபெக் வடிவில் இருக்கும். ஜேபெக், படத்தை 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்தின் 64 எண்களையும் கொசைன் அலைகளின் அளவுகளாக மாற்றி, கண்ணுக்கு அதிகம் புலப்படாத நுண்ணிய அலைகளின் அளவுகளைத் தாராளமாகத் தோராய எண்களாக முழுமையாக்கிவிடுகிறது. இந்தக் கொசைன் உருமாற்றத்தை உருவாக்கியவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. 1972-ல் இதற்காக அவர் கேட்ட ஆய்வு நிதியை அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை மறுத்தது. அவர் விடவில்லை. 1974-ல் டி. நடராஜன், கே. ஆர். ராவ் இருவருடன் சேர்ந்து ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். இன்று உலகம் பகிரும் படங்களில் பெரும்பகுதி அந்தக் கணக்கின் மீதுதான் நிற்கிறது. நம் பாடப்புத்தகங்களில் அவர் பெயர் இடம்பெற வேண்டும்.

முழுமையாக்கியதில் போனது திரும்ப வராது. இரு ஜேபெக் படங்களை இணைக்க, இமேஜ்மேஜிக் அவற்றை முழுப் புள்ளிகளாக விரித்து, அடுக்கி, மறுபடி சுருக்குகிறது. முதல் படத்தின் உயரம் 4,000 புள்ளி என்றால் அது 8-ஆல் மீதியின்றி வகுபடும். அடுத்த படத்தின் கட்டங்கள் பழைய இடத்திலேயே விழும், இழப்பு குறைவு. ஓரத்தை வெட்டியதில் உயரம் 3,997 ஆகிவிட்டதா? மீதி 5. இரண்டாம் படத்தின் கட்டங்கள் எல்லாமே நகர்ந்துவிடும். பழைய கட்டங்களின் விளிம்புகள் புதிய கட்டங்களுக்கு நடுவே விழும். முழுமையாக்கல் புதிதாக நடந்து, பொடி எழுத்துகளைச் சுற்றிப் புகைபோலக் கறை தோன்றும். முத்திரைத்தாளின் சின்ன எண்கள்தான் முதலில் கெடும்.

இன்னொரு வரம்பும் உண்டு. ஜேபெக் படத்தின் உயரமும் அகலமும் 65,535 புள்ளிகளைத் தாண்ட முடியாது. 4,000 புள்ளி உயரமுள்ள படங்களில் 16-ஐ அடுக்கலாம். 17-வது சேர்ந்தால் சேமிக்கவே முடியாது.

ஒரே படமாகத்தான் வேண்டுமென்றால் முடிவைப் பிஎன்ஜி வடிவில் சேமியுங்கள். கோப்பு பெரிதாகும், ஆனால் கூடுதல் இழப்பு கிடையாது. பத்திரம் போன்ற பல பக்க ஆவணங்களுக்கு என் தேர்வு இமேஜ்-டு-பிடிஎஃப் என்ற கட்டளைக் கருவி. ஜேபெக் தரவை விரிக்காமல், சுருக்காமல், அப்படியே பிடிஎஃப் பக்கங்களுக்குள் வைத்துவிடும். எதைப் பயன்படுத்தினாலும் மூலப் படங்களை அழித்துவிடாதீர்கள். மறுபடி இணைக்க நேர்ந்தால், ஏற்கெனவே ஒட்டிய கோப்பிலிருந்து அல்ல, மூலப் படங்களிலிருந்தே தொடங்குங்கள்.