உங்களுக்குத் தெரியுமா? ஆண்டிபட்டியும் அகதிகளும்

● 1984 டிசம்பர் தேர்தலில் எம்.ஜி.ஆர். அமெரிக்க ஆஸ்பத்திரியில் படுத்தபடியே ஜெயித்த தொகுதி நம்ம தேனி மாவட்டத்து ஆண்டிபட்டி. 1987 ஆகஸ்ட் 2 அன்று சென்னை மெரினாவில், இலங்கை ஒப்பந்தம் போட்டுவிட்டு வந்த ராஜீவ் காந்தியோடு மேடையில் இருந்தவரும் அதே ஆண்டிபட்டி எம்.எல்.ஏ.தான்.

● 1987 ஜூன் 4. யாழ்ப்பாணத்தின் மேல் இந்திய விமானங்கள் ஏறக்குறைய 25 டன் உணவையும் நிவாரணப் பொருளையும் போட்டன. அக்டோபர் 10-க்குள் அதே நாட்டின் ‘அமைதிப் படை’ அங்கே சண்டையில் இறங்கியிருந்தது. அக்டோபர் 21, தீபாவளி. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்த அமைதிப் படை சுட்டதில் நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள் என்று 60 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். ஊருக்குத் திரும்பாத இந்தியச் சிப்பாய்கள் 1,100 பேருக்கும் அதிகம். ‘அமைதிப் படை’ என்ற பெயரை இன்றும் என்னால் கூசாமல் எழுத முடியவில்லை.

● 2009 ஏப்ரலில் ஆண்டிபட்டியின் எம்.எல்.ஏ. ஜெயலலிதா. தன் பேச்சைக் கேட்கும் மத்திய அரசு அமைந்தால் இந்திய ராணுவத்தை அனுப்பி தனி ஈழம் அமைப்பேன் என்று பிரசாரத்தில் முழங்கினார். அதே ஆண்டு ஜனவரியில்தான், போரென்றால் பொதுமக்கள் சாவதைத் தவிர்க்க முடியாது என்ற பொருளில் பேசியிருந்தார். இன்னும் பின்னால் போனால் 1992. அவர் முதல்வராக இருந்தபோதுதான் இலங்கைத் தமிழ் அகதிகளைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பும் வேலை மீண்டும் தொடங்கியது. விருப்பப்பட்டுத்தான் போகிறார்கள் என்றது அரசு. சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது, கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு அது புரியவில்லை என்ற புகார் உயர் நீதிமன்றம் வரை போனது. முன்பு போனவர்களையும் சேர்த்து 1995 மார்ச் வரை திருப்பி அனுப்பப்பட்டவர்கள் 99,469 பேர்.

● மறுபக்கமும் சுத்தமில்லை. 2009 ஏப்ரல் 27 காலையில் அண்ணா நினைவிடத்தில் உண்ணாவிரதம் உட்கார்ந்த முதல்வர் கருணாநிதி, போர் ஓய்ந்துவிட்டது என்று மதியத்துக்குள் எழுந்துவிட்டார். போர் மே 18 வரை நடந்தது. அப்போதும் மத்திய ஆட்சியை விட்டு தி.மு.க. விலகவில்லை.

● 1971-இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த ஏறக்குறைய ஒரு கோடிப் பேரை நாம் தாங்கினோம், பெரிய காரியம். ஆனால் 1951-ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா இன்றுவரை கையெழுத்துப் போடவில்லை.

● 2019 டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு, இலங்கை இல்லை. மக்களவையில் அதை ஆதரித்தவர்களில் ஒருவர் அப்போதைய தேனி எம்.பி. ஓ.ப.ரவீந்திரநாத். மாநிலங்களவையில் 125-க்கு 105, அங்கேயும் அ.தி.மு.க.வின் ஓட்டு ஆதரவாகவே விழுந்தது. ஈழத் தமிழருக்கு இரட்டைக் குடியுரிமை வாங்கித் தருவோம் என்று சொன்னதும் இதே கட்சிதான். தேனி மாவட்டத்திலேயே இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. ஓட்டுப் போடும் முன் எம்.பி. அங்கே ஒருநாள் போய் உட்கார்ந்திருக்கலாம்.

● 2021-இல் தமிழக அரசு ‘அகதி முகாம்’ என்பதை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய் ஆனது. நல்லதுதான். ஆனால் ‘செக்கிங்’ போகவில்லை. அதிகாரி பேர் கூப்பிடும்போது ஆள் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் உதவித்தொகை நிற்கும். பதிவையே வெட்டிவிடுவார்கள் என்ற பயம் வேறு. கம்பத்திலும் போடியிலும் விடியுமுன் ஏலத்தோட்ட ஜீப்பில் நம்ம பெண்கள் யாரையும் கேட்காமல் தூக்குச்சட்டியோடு மலையேறிவிடுகிறார்கள். முகாம்காரருக்கோ மாவட்டம் தாண்டுவதென்றாலே அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. செக்கிங் நாளில் பெயிண்ட் வேலைக்குப் போகிறவருக்கு அன்றைய கூலி போச்சு.

● இந்திய மண்ணில் 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இதைச் சொல்லித்தான் மதுரைக் கிளையில் வழக்காடி பாஸ்போர்ட் வாங்கினார். 2024-இல் திருச்சியில் முதல் ஓட்டும் போட்டார்.  1987 ஜூலை 1 முதல் பிறந்தவர் என்றால், அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். ஒரே முகாமில், ஒரே தாய் வயிற்றில், 1986-இல் பிறந்த அக்கா இந்தியர். 1988-இல் பிறந்த தம்பி வெளிநாட்டவர். செக்கிங் வரிசையில் இன்றும் நிற்பவர் அந்தத் தம்பி.